ஒரு வரி பொய் வைத்துப் பார், மகனே

அன்புள்ள மகனுக்கு,

முதலில் ஒரு சின்னச் சிக்கல். நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மா யார் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடு, நான் பாட்டுக்குக் கண்டவர்களிடமெல்லாம் வாயாடிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு வயது பதினேழு. என் உதட்டுக்கு மேலே இருப்பதை நான் மீசை என்கிறேன், வீட்டில் யாரும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த லட்சணத்தில் மகனுக்குப் புத்திமதியா என்று நீ சிரிப்பாய். சிரி. ஆனால் யோசித்துப் பார். இதை நீ படிக்கும்போது உனக்கும் என் வயதாகியிருக்கும். நான் அதற்குள் எல்லா அப்பாக்களையும் போல எல்லாவற்றையும் மறந்துவிட்டு, “எங்க காலத்துல நாங்க எப்படிப் படிச்சோம் தெரியுமா” என்று ஆரம்பித்திருப்பேன். அப்போது இந்தக் காகிதத்தை என் மூஞ்சிக்கு நேராக நீட்டு. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இந்த யோசனையே உன் தாத்தா கொடுத்ததுதான். போன பிறந்தநாளுக்கு அவர் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். “மகனுக்கு ஒரு திறந்த மடல்.” திறந்தது என்றால் அப்படி ஒரு திறப்பு: குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். நான் எழுந்து பல் தேய்ப்பதற்குள் ஜோலார்பேட்டைச் சித்தப்பா கைகூப்பிவிட்டார், பெரியம்மா ரோஜாப்பூ அனுப்பிவிட்டாள், யாரென்றே தெரியாத ஒருவர் “கண் கலங்கிவிட்டது மாப்ளே” என்று எழுதிவிட்டார். உன் தாத்தா சரக்கு ரயில் ஓட்டுகிறவர், லோகோ பைலட். கடிதமும் சரக்கு ரயில்தான். சரக்கு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைசிப் பெட்டி எப்போது வரும் என்று கேட்டில் நிற்கிற சைக்கிள்காரன் மாதிரி காத்திருக்க வேண்டியிருந்தது. நன்றாகப் படி, பெரிய படிப்பு படி, பயப்படாதே, தெரியாததைக் கேள் என்று எழுதியிருந்தார். நான் அவருக்குப் பதில் எழுதினால் சொந்தபந்தம் அத்தனைக்கும் பதில் எழுதின மாதிரி ஆகிவிடும். ஆகவே அடுத்த பெட்டியான உன்னோடு இதைக் கோத்துவிடுகிறேன்.

அப்பாவின் ரயில் வேலையால் நாங்கள் இருப்பது வங்காளத்தில். நான் இப்போது சாந்த்ராகாச்சி பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சனிக்கிழமைக் காலை. ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்வது மரியாதைக்கு. எழுந்து ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் எட்டிப் பார்க்கிறேன், மறுபடி உட்காருகிறேன், மறுபடி எழுகிறேன். டீக்கடைக்காரர் எனக்கு வயிறு சரியில்லை என்று முடிவு செய்துவிட்டார். நான் காத்திருப்பது திதிர் என்கிற வங்காளிப் பெண்ணுக்காக. பக்கத்து குவார்ட்டர்ஸ், என் வகுப்பு, சின்ன வயசிலிருந்து கூட்டாளி. திதிர் என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். நான் அதைத் திடீர் ஆக்கிவிட்டேன், ஏனென்றால் அவளுக்குக் கோபம் அப்படித்தான் வரும். அவள் வந்தால் நாங்கள் இருவரும் ஹூக்ளிப் பாலம் தாண்டி ஜாதவ்பூருக்குக் கணக்கு வகுப்புக்குப் போவோம். வராவிட்டால் அவள் அந்த வகுப்பை விட்டுவிட்டாள் என்று அர்த்தம். விலகுவதற்கு இன்றைக்குத்தான் கடைசி நாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் வகுப்பை விட்டால் கணக்கையே விட்டுவிடுவாள், எனக்குத் தெரியும். அவள் விடுவதற்கு நான்தான் காரணம் என்பதும் தெரியும்.

எந்த வகுப்பு என்று சொல்லவில்லையே. எங்கள் பள்ளிக்கூடமும் ஜாதவ்பூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றும் சேர்ந்து இந்த வருஷம் ஒரு ஏற்பாடு செய்தன. பன்னிரண்டாவது படிக்கிறவர்கள் சனிக்கிழமை தோறும் கல்லூரிக்குப் போய் முதல் வருஷக் கணிதத்தை இப்போதே படிக்கலாம். பரீட்சை உண்டு. தேறினால் பின்னால் கல்லூரியில் அந்தத் தாளை மறுபடி எழுத வேண்டாம். பல பள்ளிகளிலிருந்தும் முதல் ராங்க், இரண்டாம் ராங்க் பிள்ளைகளாகப் பொறுக்கிச் சேர்த்தார்கள். நான் எப்படி உள்ளே போனேன் என்று கேட்காதே. திதிர் சேர்ந்தாள், பஸ்ஸில் துணைக்கு ஆள் வேண்டும் என்று காக்கிமா, அதாவது அவளுடைய அம்மா சொன்னார், என் மார்க்கும் அந்த வருஷம் ஏதோ ஞாபகமறதியில் நன்றாக வந்திருந்தது. திதிர் விஷயம் வேறு. குவார்ட்டர்ஸ் முழுக்க அவளைக் காட்டித்தான் மற்ற பிள்ளைகளைத் திட்டுவார்கள். அவள் கணக்கில் நூற்றுக்குக் குறைவாக வாங்கினால் விடைத்தாளில்தான் ஏதோ தப்பு என்று நினைக்கிற கூட்டம் எங்களுடையது.

அந்த வகுப்பில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், கவனமாகக் கேள், ஏனென்றால் உனக்கும் இது நடக்கும். அனிர்பான் சார் பலகை நிறைய எழுதுவார். நல்ல மனிதர், வேகமான மனிதர். எழுதி முடித்துத் திரும்பி “புஜேச்சோ?” என்பார். புரிந்ததா என்று அர்த்தம். உடனே வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் “ஹ்யா ஸார்.” புரிந்தது சார். பூஜைப் பந்தலில் தாக் மேளம் அடிக்கிற மாதிரி, ஒரு தட்டுக்கு ஒரு தட்டு. முதல் வாரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுற்றிலும் பார்த்தேன், எல்லாருக்கும் புரிந்திருந்தது. நானும் ஹ்யா போட்டேன். இரண்டாவது வாரமும் அப்படியே. வங்காளத்தில் “நா” என்றால் இல்லை. நமக்கு நா என்றால் நாக்கு. இத்தனை நாக்கு இருந்தும் ஒரு நா கூட வெளியே வராத அறை அது. அதற்கும் காரணம் உண்டு மகனே. அங்கே இருந்த எல்லாரும் அதுவரை புரியாமல் இருந்ததே இல்லை. தெரியாததைக் கேட்டுப் பழக்கம் என்னைப் போன்ற ஆட்களுக்குத்தான் கொஞ்சமாவது உண்டு. ராங்க் வாங்கின பிள்ளைக்குப் புரியவில்லை என்று சொல்வது நடு ரோட்டில் செருப்பு அறுந்த மாதிரி. காலை இழுத்து இழுத்து நடப்பானே தவிர, நின்று கையில் எடுத்துக்கொள்ள மாட்டான். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு டியூஷன் சார் பிடித்தார்கள். யார் எங்கே போகிறார்கள் என்பதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. டியூஷன் சார்கள் விடைகளைக் கொடுத்தார்கள். இவர்கள் அதை உருப்போட்டார்கள். சனிக்கிழமை மறுபடி ஹ்யா ஸார்.

எனக்கு இந்த ஹ்யா மேல் ஒரு கண். அமைதியாக இருக்கிற இடத்தில் ஏதாவது செய்யாவிட்டால் எனக்குக் கை அரிக்கும். உனக்கும் அரித்தால் அது நான் கொடுத்த சொத்து, வேறு பெரிதாக எதுவும் எதிர்பார்க்காதே. ஒரு வாரம் சார், அடுத்த தேற்றத்தின் நிரூபணத்தை யாராவது பலகையில் எழுதுங்கள் என்றார். நான் எழுந்து போனேன். வகுப்பே ஆச்சரியப்பட்டது. அழகாக, நிறுத்தி நிறுத்தி, நடுவில் தாடையைச் சொறிந்துகொண்டு எழுதினேன். ஆனால் மத்தியில் ஒரு வரியில் பூஜ்யத்தால் வகுத்துவிட்டேன். பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் அந்தப் பூஜ்யத்துக்கு நீளமாக வேஷம் கட்டியிருந்தேன், ராஜா வேஷம், கிரீடமெல்லாம் வைத்து. கடைசி வரியில் நான் நிரூபித்தது என்ன தெரியுமா? உலகத்தில் எந்தக் கோடும் வளையாது. எல்லாமே நேர்கோடு. தினமும் சாந்த்ராகாச்சி யார்டில் தண்டவாளம் வளைந்து வளைந்து பிரிவதைப் பார்க்கிற திதிர் அதை அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டாள். சார் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே “புஜேச்சோ?” என்றார். “ஹ்யா ஸார்.”

நான் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். யாராவது ஒருத்தர் “ஏய், இரு” என்பார், வகுப்பு வெடிக்கும், நான் தலைகுனிந்து வணக்கம் போடுவேன் என்பது என் திட்டம். ஒன்றும் நடக்கவில்லை. பக்கம் புரட்டினார்கள். வாழைப்பழத் தோலைப் போட்டுவிட்டு மறைந்து நின்றால் வந்தவர்கள் எல்லாரும் அதில் வழுக்கியபடியே நேராக நடந்து போகிறார்கள், அந்த மாதிரி இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் திதிரிடம் சொன்னேன், அவளாவது சிரிப்பாள் என்று. அவள் நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, பாலம் முழுக்கப் பார்த்துக்கொண்டே வந்தாள். பூஜ்யம் இருந்த இடத்தில் விரல் நின்றது. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாக ஒன்று சொன்னாள்: “நான் வீட்டுக்குப் போய் இதை மனப்பாடம் பண்ணியிருப்பேன்.”

மறுநாள் காக்கிமா எங்கள் வீட்டுக்கு வந்து, திதிர் சனிக்கிழமை வகுப்பை விடப் போகிறாளாம், போர்டு பரீட்சைக்குப் படிக்க வேண்டுமாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். கல்லூரியில் கணிதம் எடுப்பதும் இல்லையாம், வங்கிப் பரீட்சைக்குத் தயார் செய்யப் போகிறாளாம். எட்டு வயதில் ரயில் பெட்டி எண்களைக் கூட்டிக் கூட்டி விளையாடினவள். நான் அவள் வீட்டுக்கு ஓடினேன். காக்கிமா லுச்சி போட்டார், நம்ம பூரி மாதிரி உப்பி வரும். நான் சொன்ன ஜோக்குகள் எல்லாம் லுச்சி மாதிரியே, உள்ளே காற்றுதான். திதிர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ஆரம்பித்த நாளிலிருந்து தனக்கு அந்த வகுப்பில் எதுவுமே புரியவில்லை என்றாள். எல்லாருக்கும் புரிகிறது, தனக்கு மட்டும் மூளை அவ்வளவுதான் என்று நினைத்தாளாம். நான் பொய் எழுதின அன்றைக்குத்தான் தெரிந்ததாம், தனக்கு நிஜத்துக்கும் பொய்க்கும் வித்தியாசமே தெரியவில்லை என்று. “நீ விளையாடினே. எனக்கு அது விளையாட்டு இல்ல.”

அப்போது என் வாயிலிருந்து ஒன்று வந்தது. யோசித்துச் சொன்னதில்லை, யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கும் எதுவும் புரியவில்லை, அந்த ஒரு தேற்றம் மட்டும் புரியும் என்றேன். அவள் நம்பவில்லை. நிஜம்தான் மகனே. பொய்யை எங்கே ஒளிப்பது என்று தேடி அந்த நிரூபணத்தை நான் நாள்கணக்கில் குடைந்திருந்தேன். இந்த வரியில் வைத்தால் அடுத்த வரியிலேயே மாட்டிவிடும். அந்த வரியில் வைத்தால் முதல் வரியோடு சண்டை. எந்த வரி எதைத் தாங்குகிறது என்று தெரிந்தால்தான் எங்கே ஆணியைப் பிடுங்கலாம் என்று தெரியும். பரீட்சைக்குப் படித்தபோது ஒரு வரியும் ஏறவில்லை. அயோக்கியத்தனத்துக்குப் படித்தபோது எல்லா வரியும் ஏறிவிட்டது. இதைச் சொன்னதும் அவள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். எல்லாத் தேற்றத்துக்கும் இப்படிச் செய்யலாமா என்று கேட்டாள். என் தலையை உடைக்காமல் இருந்தால் செய்யலாம் என்றேன்.

இங்கே உன் தாத்தா மறுபடி ஸ்கூட்டரில் வருகிறார். ரயில் எஞ்சினில் இரண்டு பேர் இருப்பார்கள். சிக்னல் தெரிந்ததும் உதவியாளர் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஓட்டுகிறவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தலையாட்டல் செல்லாது. இந்தப் பழக்கம் முற்றிப்போய் அப்பா ஸ்கூட்டரிலும் அதே மாதிரிதான். ரோட்டு சிக்னலைப் பார்த்து “பச்சை” என்பார். பின்னால் அம்மா “பச்சை” என்று சொல்கிற வரைக்கும் வண்டி உறுமிக்கொண்டே நிற்கும், பின்னால் இருக்கிற டாக்சிக்காரர்கள் எங்கள் வம்சத்தையே விசாரிப்பார்கள். ஒருநாள் அம்மா பொறுக்கமாட்டாமல், உங்களுக்கும் கண்ணு இருக்கு எனக்கும் கண்ணு இருக்கு, எதுக்கு ரெண்டு பேரும் கத்தணும் என்றாள். அப்பா சொன்னார்: “நீ பின்னாடி உக்காந்து பாக்குறியா தூங்குறியான்னு எனக்கு எப்படித் தெரியும்?” இதை நான் நடித்துக் காட்டிப் பள்ளிக்கூடத்தில் ரொம்பப் பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் அந்த வாரம் திதிர் வீட்டு வராந்தாவில் அதையேதான் செய்தோம். அவள் ஒரு வரி சொல்வாள். நான் அதை என் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லையென்றால் வண்டி நகராது. முதல் நாள் அரைப் பக்கம்கூட நகரவில்லை. அவள் கத்தினாள், நான் கத்தினேன், காக்கிமா சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்தார். நான் பேந்தப் பேந்த முழிக்கிற இடத்தில் அவளும் நின்றுவிடுவாள், ஏனென்றால் எனக்கு விளக்கப் போகும்போதுதான் தனக்கும் அந்த இடத்தில் உள்ளே வெறும் காற்றுதான் என்று அவளுக்குத் தெரியவரும். ராங்க் வாங்குகிறவளுக்கு வாங்காதவன் எவ்வளவு உபயோகம் பார்த்தாயா. உன் வகுப்பில் உன்னைவிட மக்கு யாராவது இருந்தால் அவனை விட்டுவிடாதே. யாருமே இல்லையென்றால் அந்த மக்கு நீதான், தைரியமாக உன்னை யாருக்காவது கடன் கொடு.

ஆனாலும் நேற்று மாலை, நாளைக்கு வகுப்புக்கு வருவாயா என்று கேட்டேன். ஒரு வாரத்தில் ஒரு பாடம்தான் முடிந்திருக்கிறது, பரீட்சைக்குள் எத்தனை பாடம் என்றாள். இன்றைக்கு விலகினால் எங்கேயும் பதிவாகாது. விலகாமல் தோற்றால் சான்றிதழில் ஏறிவிடும். திதிர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தோல்வி. குவார்ட்டர்ஸில் இதுவரை யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தோற்றால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். உனக்கு ஒன்றும் ஆகாது, உன்னிடம் யார் எதிர்பார்த்தார்கள் என்றாள். சரியான அடி. நான் பிறவியிலேயே குறைந்த எதிர்பார்ப்புள்ள குடிமகன். அது எவ்வளவு பெரிய வசதி என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நீ எப்படி வருவாயோ தெரியாது, மகனே. கெட்டிக்காரனாக வந்துவிட்டால் உன்னை நான் யாரிடமும் காட்டிப் பெருமையடிக்க மாட்டேன். அடித்தால், அதிலும் குடும்பக் குழுவில் அடித்தால், என் போனைப் பிடுங்கிப் பாலத்திலிருந்து ஹூக்ளியில் போட உனக்கு இதனால் அனுமதி தருகிறேன்.

ஒரு பஸ் போய்விட்டது. கண்டக்டர் “ஜாதொப்பூர், ஜாதொப்பூர்” என்று என் காதுக்குள்ளேயே கத்தினான். நான் பூட்ஸ் கயிறு கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன், காலில் இருப்பது செருப்பு. இன்னொரு பஸ்ஸும் போய்விட்டது. அடுத்ததை விட்டால் வகுப்புக்கு நேரமாகிவிடும். தனியாகப் போவதா என்று எனக்கே தெரியவில்லை. தனியாகப் போனால் ஒன்று மட்டும் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்: சார் “புஜேச்சோ” என்றதும் “நா ஸார்” என்று கத்த வேண்டும். பிரின்சிபால் நாற்காலியில் பசை தடவினவன், நம்பு. அதற்கெல்லாம் வராத பயம் இதற்கு வருகிறது. வேடிக்கை காட்டும்போது எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள், ஆனால் நான் தெரியமாட்டேன். புரியவில்லை என்று சொன்னால் நான் தெரிந்துவிடுவேன். நான் ஏன் இத்தனை வருஷமாகக் கோமாளித்தனம் செய்கிறேன் என்பது பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்கிற விஷயமா? டீக்கடைக்காரர் கேட்காமலே இன்னொரு டீ கொடுத்துவிட்டார். இரு. யாரோ வருகிறார்கள். இல்லை, வேறு யாரோ.

எழுத்து இப்போது ஆடும், பொறுத்துக்கொள். பஸ்ஸில் இருக்கிறேன். நின்றுகொண்டு எழுதுகிறேன்.

அவள் வந்தாள். குவார்ட்டர்ஸ் வழியாக வரவில்லை, மார்க்கெட் வழியாகச் சுற்றி வந்தாள், அதனால்தான் என் கழுத்துச் சுளுக்கு வீணாகிவிட்டது. குட் மார்னிங் கிடையாது, ஏன் இன்னும் நிற்கிறாய் என்றும் கேட்கவில்லை. ஒரு தாளை என் கையில் திணித்தாள். பக்கம் முழுக்க அவளுடைய குட்டிக் கையெழுத்து. அடுத்த பாடத்துத் தேற்றம், இன்னும் சார் நடத்தவே நடத்தாதது. “இதுல ஒரு பொய் இருக்குடா. ஜாதவ்பூர் வர்றதுக்குள்ள கண்டுபிடி” என்றாள். பஸ்ஸில் ஏறி ஜன்னல் சீட்டையும் பிடித்துக்கொண்டாள். வகுப்பில் இருக்கப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை. பாதி ராத்திரி முழித்துப் பொய் எழுதினவளிடம் அதைக் கேட்பானேன்.

கடைசி வரியில் அவள் நிரூபித்திருப்பது, எந்த இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று சமம் என்று. முதல் வரியைப் படித்தேன், சரி. இரண்டாவது சரி. எல்லாமே சரி. பாலம் வந்துவிட்டது, கீழே ஆறு, படகு, எல்லாம் போய்விட்டது, இன்னும் எல்லாமே சரியாக இருக்கிறது. மறுபடி முதல் வரியிலிருந்து வந்தேன். பூஜ்யத்தைத் தேடினேன், அவள் அவ்வளவு மட்டமாகச் செய்ய மாட்டாள். திதிர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற மாதிரி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது, நான் எத்தனையோ தடவை என் முகத்தில் வைத்துக்கொண்டது. எதிர்ப்பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது எவ்வளவு எரிச்சல் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

“என்ன, புரிஞ்சுதா?” என்றாள். தமிழில். எங்கள் வீட்டு வாசலில் வளர்ந்தவள், தேவைப்படும்போது வரும்.

நாக்கு நுனியில் ஹ்யா வந்து நின்றது, மகனே. கூடவே ஒரு ஜோக்கும் வந்து நின்றது, நல்ல ஜோக். இரண்டையும் விழுங்கினேன்.

“புரியல” என்றேன். “மூணாவது வரியிலேர்ந்து சொல்லு.”

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இடம் விட்டாள். உட்காரப் போகிறேன்.

இப்படிக்கு,
இன்னும் அப்பா ஆகாத,
அதற்குள் அவசரப்படுகிற,
உன் அப்பா